சொல்லும் அதன் சுற்றமும்

ஆங்கிலச் சொல்வளம் பெருக்குவதற்கான நூல்கள் நம் ஊர்ப் புத்தகக் கடைகளில் எக்காலத்தும் விற்பவை. அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. இடப்பக்கம் அருஞ்சொல், வலப்பக்கம் அதற்கு ஒற்றைச் சொல்லில் பொருள், சிலவற்றில் தமிழ்ப் பொருளும் உண்டு. நாளொன்றுக்குப் பத்துச் சொல் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3650 சொற்கள். அமெரிக்க மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வை முன்னிட்டுப் பேரன்ஸ் பதிப்பகம் வெளியிட்டுவந்த புகழ்பெற்ற பட்டியலும் 3500 சொற்கள் கொண்டதுதான். ஓராண்டு விடாது உழைத்தால் ஆங்கிலம் கைவசமாகிவிடும் என்ற நம்பிக்கையை இந்தக் கணக்கே ஊட்டிவிடுகிறது. அத்தேர்வோ 2011இல் எதிர்ச்சொல் வினாக்களையும் ஒப்புமை வினாக்களையும் நீக்கி, சூழலின்றித் தனிச்சொல்லைக் கேட்கும் முறையைக் கைவிட்டது. நம் வங்கித் தேர்வுகளுக்கும் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளுக்கும் படிக்கும் பிள்ளைகளின் கைகளில் பட்டியல் இன்றும் இருக்கிறது.

தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். என் மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் பயின்று, தமிழையே முதன்மைப் பாடமாக எடுத்தவர்கள். பட்டம் பெற்றபின் அவர்கள் எழுதவிருக்கும் தேர்வுகள் அனைத்திலும் ஆங்கிலம் வழிமறித்து நிற்கிறது. வகுப்புகள் முடிந்தபின் விருப்பமுள்ளவர்களோடு ஒரு மணி நேரம் ஆங்கிலச் சொற்களைப் படிப்பதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன். இலக்கணத்தையும் உச்சரிப்பையும் ஆங்கிலத் துறை நண்பர்களே கற்பிக்க வேண்டும். அதில் எனக்கு உரிமையில்லை. ஆனால் அருஞ்சொல்லைக் கற்பது எப்படி என்பது தமிழ்க் கல்வியின் மிகப் பழைய பாடம். அந்தப் பாடத்தை முறையாகப் படித்த பிள்ளைகள், ஆங்கிலம் என்றதும் அது தங்களிடம் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

தொல்காப்பியத்தின் உரியியலை எடுத்துக்கொள்வோம். வெளிப்படையாகப் பொருள் விளங்கும் சொற்களை விளக்க வேண்டுவதில்லை, விளங்காதவற்றை விளக்கினால் போதும் என்பது அவ்வியலின் தொடக்கத்திலேயே ஆசிரியர் வகுத்துக்கொள்ளும் நெறி. இன்றைய ஆங்கிலச் சொற்பட்டியலின் நெறியும் அதுவே. பின்னர் வந்த நிகண்டுகள் இந்த வேலையைப் பெருமளவில் செய்தன. திவாகரமும் பிங்கலமும் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்தன. மண்டல புருடர் சூடாமணி நிகண்டை விருத்தப் பாக்களில் இயற்றினார். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை நெட்டுருச் செய்தார்கள். தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று செல்லும் அதன் பன்னிரண்டு தொகுதிகளை அறிந்தவர்க்கு, ஆங்கிலத்தில் ரோஜே 1852இல் வெளியிட்ட தெசாரஸ் புதுமையாகத் தோன்றாது. மருத்துவரான ரோஜே தம் 73ஆம் வயதில் வெளியிட்ட அந்த நூலும் அகரவரிசையை விடுத்து, ஆயிரம் தலைப்புகளில் கருத்துவகையால் சொற்களைத் தொகுத்தது.

அப்படியானால் மனப்பாடம் நல்லதுதானே, பட்டியலைக் குறைசொல்வானேன்? இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நிகண்டு கற்ற பிள்ளை அதோடு நிற்கவில்லை. அடுத்து அந்தாதியும் கோவையும் பிள்ளைத்தமிழும் படித்தான். நிகண்டில் பெயரளவில் அறிந்த சொல்லை, அது வாழும் இடத்திலேயே கண்டான். நிகண்டு வீட்டின் திண்ணை என்றால் அந்நூல்கள் வீடு. இன்றைய பட்டியலுக்குப் பின்னால் வீடில்லை. ஒரு தேர்வறை மட்டும் இருக்கிறது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். 'எராடிகேட்' என்ற சொல்லுக்கு 'அழித்தல்' என்று பட்டியல் பொருள் தந்தது. ஒரு மாணவி, தான் கரும்பலகையை 'எராடிகேட்' செய்ததாக வாக்கியம் அமைத்தார். பட்டியலின்படி பிழையே இல்லை. ஆனால் அச்சொல்லினுள் 'வேர்' என்று பொருள்படும் இலத்தீன் சொல் இருக்கிறது. முள்ளங்கியைக் குறிக்கும் 'ராடிஷ்' என்பதும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். தமிழில் சொன்னால் 'வேரோடு களைதல்'. அதனால்தான் நோய், வறுமை, ஊழல் ஆகியவற்றோடு அது சேர்ந்து வருகிறது. பெரியம்மை உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டபோது பயன்பட்ட சொல் அது. 'அனைஹிலேட்' என்பதனுள் 'ஒன்றுமில்லை' என்ற பொருள் இருக்கிறது, இல்லாமலாக்குதல். 'டெமாலிஷ்' கட்டியதை இடித்தல். 'அப்லிட்டரேட்' என்பதில் எழுத்தைக் குறிக்கும் சொல் ஒளிந்திருக்கிறது. எழுதியதை இல்லாமற் செய்தல். பிறப்பை மட்டும் பார்த்தால் கரும்பலகைக்குப் பொருந்துவது இதுவே. ஆயினும் ஆங்கிலேயர் கரும்பலகைக்கு இதைச் சொல்வதில்லை. குண்டு விழுந்து தடமின்றிப் போன ஊருக்குச் சொல்வார்கள். சொற்பிறப்பு வழிகாட்டும், முடிவுசெய்வது வழக்கு. தமிழிலக்கணம் பயின்ற எவருக்கும் இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதும் அதன் பொருளின் ஒரு பகுதி என்று 1950களில் வலியுறுத்தியவர் ஜே.ஆர்.ஃபெர்த். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து, பின்னர் லண்டனில் மொழியியல் கற்பித்தவர். நம் மரபியலில் இதற்கு நேரான பாடம் இருக்கிறது. பறவைக்குப் பார்ப்பு, ஆட்டுக்கு மறி, யானைக்குக் கன்று, நாய்க்கும் புலிக்கும் முயலுக்கும் குருளை என்று இளமைப் பெயர்கள் இன்னவற்றுக்கு இன்னவை என வரையறுக்கப்பட்டுள்ளன. எல்லாவற்றுக்கும் பொருள் 'இளையது' என்பதே. எனினும் இடம் மாறினால் மரபு வழுவாகும். மாணவர்களுக்கு இதை விளக்க நான் அடுக்களைக்குப் போவதுண்டு. சோறு ஊசிப்போகிறது. பால் திரிகிறது. பழம் அழுகுகிறது. எண்ணெயில் சிக்கு வாடை வருகிறது. 'கெட்டுப்போயிற்று' என்று பொதுவாகச் சொன்னாலும் புரியும். ஆனால் எந்தத் தாயும் எண்ணெய் ஊசிப்போயிற்று என்று சொல்லமாட்டாள். ஆங்கிலத்திலும் எண்ணெயும் வெண்ணெயும் 'ரான்சிட்' ஆகும். ரொட்டி 'ஸ்டேல்' ஆகும். பழம் 'ராட்டன்' ஆகும். பால் 'கர்டில்' ஆகும். இந்நான்கையும் உணவின் பெயரோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறப்பதில்லை. நான்குக்கும் 'கெட்டுப்போன' என்று எதிரே எழுதி வைத்தால் ஒன்றும் நிற்பதில்லை.

அடுத்து, பகுபத உறுப்பிலக்கணம். 'வந்தனன்' என்பதைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்துக் காட்டும் மாணவனுக்கு, நீண்ட ஆங்கிலச் சொல்லைக் கண்டு அஞ்ச ஒரு காரணமும் இல்லை. நம்புதல் என்னும் பொருளுடைய 'க்ரெட்' என்ற பகுதியைக் கொடுத்துவிட்டால், 'க்ரெடிபிள்' நம்பத்தக்கது, 'இன்க்ரெடிபிள்' நம்பமுடியாதது, 'க்ரெடுலஸ்' எதையும் எளிதில் நம்புகிற, 'இன்க்ரெடுலஸ்' நம்ப மறுக்கிற என்று வரிசையாக விளங்குகிறது. பட்டியலில் ஒன்றுபோலத் தோன்றிக் குழப்பும் இரு சொற்கள் இங்கே தாமே பிரிந்து நிற்கின்றன. செய்தி 'இன்க்ரெடிபிள்', அதைக் கேட்பவர் 'இன்க்ரெடுலஸ்'. நார்மன் லூயிஸ் 1949இல் வெளியிட்ட நூல் இன்றும் விற்பதற்குக் காரணம், அவர் இவ்வாறு பகுதிகளைக் கொண்டு சொற்களைக் குடும்பமாகக் கட்டிக் கொடுத்ததுதான். இம்முறைக்கும் எல்லை உண்டு. 'இன்' என்பது எதிர்மறை என்று கற்றவர் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதிய லாரியைக் கண்டு தீப்பிடிக்காதது என்று எண்ணிவிடக் கூடாது. அது எளிதில் தீப்பற்றுவது.

தமிழருக்கு இன்னொரு வாயிலும் உண்டு. அது வடசொற்களின் வழியே. இலத்தீனும் கிரேக்கமும் வடமொழியும் ஒரு மூலத்தின் கிளைகளாகலாம் என்று 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் எடுத்துரைத்தார். தமிழ் அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று என்பதை 1816இல் எல்லிஸும் 1856இல் கால்டுவெல்லும் நிறுவினார்கள். ஆனால் நாம் கடன்வாங்கிய வடசொற்கள் அக்குடும்பத்தின் பிள்ளைகளே. எனவே நாமம் என்ற சொல் அறிந்தவர்க்கு, 'நாமினல்' என்றால் பெயரளவிலானது என்று ஒரே முறையில் பதிந்துவிடும். பாதமும் 'பெடஸ்ட்ரியன்' என்ற பாதசாரியும் உறவு. தந்தமும் 'டென்டிஸ்ட்' என்ற பல்மருத்துவரும் உறவு. மரணமும் 'மார்ட்டல்' என்பதும் உறவு. மேலே கண்ட 'க்ரெட்' என்பதற்கும் நம் சிரத்தைக்கும் மூலம் ஒன்றே. இதைச் சொல்லும்போது வகுப்பில் முகங்கள் மலர்வதைக் கண்டிருக்கிறேன். அயலார் வீடு என்று தயங்கி நின்றவர்கள் உள்ளே தெரிந்தவர் ஒருவரைக் கண்டுவிட்டதுபோல் இருக்கும்.

எத்தனை சொற்கள் வேண்டும் என்ற கேள்வி எப்போதும் வரும். நாளிதழையும் புதினத்தையும் துணையின்றிப் படிக்க, அதாவது நூறு சொல்லில் 98 தெரிந்திருக்க, எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் 2006இல் மதிப்பிட்டார். கேட்டவுடன் மலைப்பாக இருக்கும். ஆனால் எல்லாச் சொற்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. டாக்காவில் பணியாற்றி, வங்கப் பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்புக் கற்பிக்கும் முறையை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட், 1953இல் ஏறத்தாழ இரண்டாயிரம் அடிப்படைச் சொற்களின் பட்டியலைத் தந்தார். அதற்கு மேல், கல்விசார் நூல்களில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களை ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்தார். அத்தகைய நூல்களில் பத்தில் ஒரு சொல் இவற்றுள் ஒன்றாக இருக்கும். 'அஸ்யூம்', 'டிரைவ்', 'இம்ப்ளை', 'அட்ரிப்யூட்' போன்ற இச்சொற்களில் ஆரவாரம் ஏதுமில்லை. ஆயினும் என் மாணவர்கள் ஓர் ஆங்கிலக் கட்டுரையில் இடறி நிற்பது இவற்றில்தான். உயர்ந்த சொல்வளம் என்றதும் மேடையில் முழங்குவதற்கான அரிய சொற்களைத் தேடி ஓடுகிறோம். படிப்பதற்கு வேண்டியவை இந்த நடுத்தரச் சொற்கள்.

படிப்பதற்கு எதை எடுப்பது? நன்கறிந்த தமிழ்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுங்கள் என்பேன். போப் 1886இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பும், குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை ஏ.கே.ராமானுஜன் மொழிபெயர்த்த 1967ஆம் ஆண்டு நூலும் எங்களுக்குப் பாடநூல்களாக ஆகிவிட்டன. பாட்டு முன்பே மனத்தில் இருப்பதால் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. இந்த இடத்தில் இந்த ஆங்கிலச் சொல் ஏன் என்று மட்டும் கேட்டால் போதும். ஒரு வாரம் முழுவதும் 'அருள்' என்ற ஒரே சொல்லோடு இருந்திருக்கிறோம். அன்பு தொடர்புடையார்மேல் செல்வது, அருள் தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது என்பது பரிமேலழகர் காட்டும் வேறுபாடு. இதற்கு ஆங்கிலத்தில் எது? 'மெர்சி' என்றால் தண்டிக்க வல்லவன் தண்டியாது விடுவது. 'கம்பாஷன்' என்றால், அதன் உறுப்புகளின்படி, உடன் துன்புறுதல். 'பெனவலன்ஸ்' நலம் விரும்புதல். 'கிரேஸ்' மேலிருந்து இறங்குவது. இறுதி முடிவுக்கு நாங்கள் வரவில்லை. ஆனால் அந்த நான்கு சொற்களும் இனி யாருக்கும் மறக்கப்போவதில்லை. அருளுடைமை அதிகாரமும் முன்னைவிட விளங்கியது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைப் படிப்பது இந்த வகுப்புகளில் மகிழ்ச்சியான பகுதி. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனதும், சுருட்டு 'ஷெரூட்' ஆனதும், மிளகுத் தண்ணீர் 'மல்லிகட்டானி' என்று விருந்து மேசை ஏறியதும் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும். இத்தகைய சொற்களைத் திரட்டி 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல், தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர்.

ஆனால் அதே வரிசையில் 'பரையா' என்ற சொல்லும் இருக்கிறது. போட்டித் தேர்வு நூல்களில் தவறாமல் இடம்பெறும் சொல் அது. எதிரே 'சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்' என்று போட்டிருக்கும். ஒருநாள் மாலை பட்டியலை வரிசையாக வாசித்துவந்த மாணவர் ஒருவர் அந்த இடத்தில் நிறுத்தினார்.

"ஐயா, இது எங்க சாதிப் பேருதானே? இதுக்குப் போய் இப்படி அர்த்தம் போட்டிருக்காங்க."

வகுப்பில் யாரும் பேசவில்லை. ஒரு வரியில் மறுமொழி சொல்லி அடுத்த சொல்லுக்குப் போகக்கூடிய இடமன்று அது. மறுநாள் அந்த ஒரு சொல்லையே பாடமாக வைத்தேன். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் தொடங்கினோம். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கையும் சொல்லி, இவையன்றிக் குடிகள் வேறில்லை என்று பெருமையோடு எண்ணும் பாட்டு அது. அங்கிருந்து பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் பயண நூல்களுக்கு ஒரு சாதியின் பெயராக அச்சொல் போகிறது. பிரான்சில் பெர்னார்தென் தெ சேன்-பியர் 1791இல் எழுதிய 'இந்தியக் குடிசை' என்னும் கதையின் வழியாக ஐரோப்பாவெங்கும் பரவுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாராயிருந்தாலும் விலக்கப்பட்டவர் என்ற பொதுப்பொருளைப் பெறுகிறது. மாக்ஸ் வெபர் யூதரைப் பற்றி எழுதுகையில் அதைக் கலைச்சொல்லாக்குகிறார். 1944இல் ஹன்னா ஆரென்ட் யூதர் நிலையை அச்சொல்லாலேயே ஆராய்கிறார். பிற நாடுகள் விலக்கிவைத்த நாட்டைப் 'பரையா ஸ்டேட்' என்று எழுதும் ஆங்கில நாளிதழ்க்காரருக்கு, அது வாழும் மனிதர்களின் பெயர் என்ற நினைவு வருவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை அவர் தலைநிமிர்ந்து அச்சிட்டார். அயோத்திதாச பண்டிதர் அப்பெயரையே ஏற்கவில்லை; அது பிறர் சுமத்தியது என்றார். 1907இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. ஒரே காலத்தில் ஒரே மக்களுக்காகப் பாடுபட்ட இருவர் ஒரு சொல்லின்மேல் எதிரெதிராக நின்றார்கள். 1922இல் சென்னை மாகாண அரசு தன் ஆவணங்களில் அச்சொல்லை விடுத்து 'ஆதி திராவிடர்' என்று வழங்க ஆணையிட்டது. பட்டியலில் ஒற்றை வரியாக இருந்தது இவ்வளவும்தான்.

கேட்டு முடித்ததும் அந்த மாணவர் எழுப்பியது நடைமுறைக் கேள்வி. "பரீட்சையில வந்தா என்னங்க ஐயா போடுறது?"

"அவர்கள் கொடுத்திருக்கும் விடையைத்தான் குறிக்க வேண்டும். மதிப்பெண் உனக்கு வேண்டுமல்லவா? நீ எழுதும்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பது உன் முடிவு" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு ஆண்டுகளை மட்டும் மீண்டும் ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அதன்பின் எங்கள் குறிப்பேடுகளில் சொல், பொருள் என்ற இரண்டு பத்திகளோடு மேலும் இரண்டு சேர்ந்தன. ஒன்றில் அச்சொல்லோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் சொற்கள். மற்றொன்றில் அது எங்கிருந்து எவ்வழியாக வந்தது என்பது. இம்முறையில் நாளொன்றுக்குப் பத்துச் சொல் இயலாது. மூன்று முடிந்தால் நல்ல நாள். கல்லூரி நாட்களை மட்டும் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஐந்நூறைச் சற்றே தாண்டும். தேர்வுக்கு இது போதுமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பட்டியலைப் பிள்ளைகள் வீட்டில் படிக்கிறார்கள். அதை நான் தடுப்பதில்லை. மாலை ஒரு மணி நேரம் மட்டும் சொற்களை அவற்றின் சுற்றத்தோடு சந்திக்கிறோம். அடுத்த வாரத்துக்கான சொற்களை அந்த மாணவரே தேர்ந்தெடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.